பாட்டி கையில் சால்டரிங் அயர்ன், பேத்தி கையில் மல்டிமீட்டர்: சான்சிபார் சூரிய மின் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்தில், டான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவுகளில், கிராமத்துப் பெண்கள் சூரிய மின் தொழில்நுட்பம் கற்று ஊருக்கு விளக்கேற்றுகிறார்கள். இப்படி ஒரு பயிற்சியை நடத்தவோ அதற்குத் துணை நிற்கவோ நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். பள்ளிச் சிறுமிகளுக்கான அறிவியல் மன்றத்தையும் இதோடு சேர்த்தே பேசுகிறோம். இரண்டையும் தனித்தனியாக நடத்தினால் பாதிப் பலன் வீணாகிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இந்தப் பயிற்சி எங்கிருந்து தொடங்கியது?

ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்ற கிராமம் இருக்கிறது. பங்கர் ராய் 1972-இல் அங்கே தொடங்கிய பேர்ஃபுட் கல்லூரிதான் இந்த முறைக்கு ஊற்று. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து எழுத்தறிவு இல்லாத அல்லது குறைவாக உள்ள நடுத்தர வயதுப் பெண்கள் அங்கே வந்து, சுமார் ஆறு மாதம் தங்கிச் சூரிய மின் வேலை கற்றுத் திரும்பினார்கள். பிற நாட்டினருக்குப் பயிற்சி தரும் இந்திய அரசின் ஐடெக் திட்டம் அவர்களுடைய பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஏற்றது. பிறகு சான்சிபாரின் உங்குஜா தீவில், கின்யாசினி என்ற ஊரிலேயே ஒரு பயிற்சி மையம் வந்தது. கடல் கடந்து போகத் தயங்கிய பெண்களுக்கு அதனால் வழி திறந்தது. அங்கே சூரிய மின்சாரத்தோடு தையலும் தேனீ வளர்ப்பும் கற்றுத் தருகிறார்கள்.

வாலிபர்கள் இருக்கும்போது நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

ஊரை விட்டுப் போகமாட்டார்கள் என்பதே முதல் காரணம். இருபது வயதுப் பையனுக்குத் தொழிலும் சான்றிதழும் கொடுத்தால், அடுத்த வருடம் அவன் டான்சானியாவின் பெருநகரமான டார் எஸ் சலாமில் வேலை தேடிக்கொண்டிருப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிராமத்து விளக்கு அணைந்தே கிடக்கும். பேரன் பேத்தி எடுத்த பெண்மணிக்கு வீடும் நிலமும் உறவும் ஊரிலேயே இருக்கின்றன. இரவு எட்டு மணிக்கு விளக்கு எரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பெண் தயங்காமல் அவர் கதவைத் தட்டலாம். முன்பின் தெரியாத ஆண் ஒருவன் பழுது பார்க்க வந்தால், கணவர் கடலுக்குப் போன வீட்டில் உள்ளே விடமாட்டார்கள். பெண் வந்தால் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

ஆளைத் தேர்ந்தெடுப்பது ஊர்க் கூட்டத்தின் வேலையாக இருக்க வேண்டும். சான்சிபாரில் ஷேஹா என்று அழைக்கப்படும் ஊர்த் தலைவர் இல்லாமல் கூட்டம் கூடாது. ஆனால் ஷேஹாவின் உறவினரே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கூட்டத்தில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், பெயர்களை எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஒரு கிராமத்துக்கு ஒருவரைப் பயிற்றுவித்தால் போதாது. அவர் நோயில் படுத்தால் வேலை நின்றுவிடும். குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் சர்க்யூட் (மின்சுற்று) வேலை கற்க முடியுமா?

முடியும். சர்க்யூட் பலகையில் எழுத்தைவிட நிறமும் வடிவமும் இடமும்தான் அதிகம் பேசுகின்றன. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரின் நிறப் பட்டைகளைப் பாருங்கள். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று வந்தால் 1,000 ஓம். மூன்றாம் பட்டை ஆரஞ்சாக இருந்தால் 10,000 ஓம். எல்இடியின் நீளமான கால் பிளஸ். மின்னேற்றம் தேக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் கோடு போட்ட பக்கம் மைனஸ். கண் பார்த்ததைக் கை செய்யும் என்பது இங்கே நூற்றுக்கு நூறு பொருந்தும்.

முதல் இரண்டு வாரம் பாகங்களைப் பிரித்து அடுக்கும் வேலை மட்டும் கொடுங்கள். ஒரு தட்டில் ஐம்பது ரெசிஸ்டரைக் கொட்டி, ஒரே வகையைத் தனித்தனிக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் தடுமாறுவார்கள். அதனால் இந்த வேலையைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். பலகையில் வைக்குமுன் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டர் என்னும் மின்னளவியில் ஒருமுறை அளக்கும் பழக்கம் வரட்டும். எண்களை வாசிக்க மட்டும் கற்றுத்தர வேண்டும். கடைத்தெருவில் ஷில்லிங் எண்ணிப் பழகியவர்களுக்கு அது ஒரு வாரத்தில் வந்துவிடும். எண்ணுக்கு நடுவே வரும் புள்ளிதான் சிரமம். 12.7-ஐ 127 என்று வாசிப்பார்கள். புள்ளிக்கு இடப்பக்கம் முழு ஷில்லிங், வலப்பக்கம் சில்லறை என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொரு சங்கதி, மரியாதை. பயிற்சி கொடுப்பவருக்கு இருபத்தைந்து வயது, கற்பவருக்கு ஐம்பது என்றால், வயதில் சிறியவர்தான் காலையில் 'ஷிகமூ' சொல்ல வேண்டும். பெரியவர் 'மரஹபா' என்று ஏற்பார். பயிற்றுநர் என்ற தோரணையில் இதைத் தவறவிட்டால், அந்த அம்மா அன்று முழுவதும் வாய் திறந்து ஒரு சந்தேகம் கேட்கமாட்டார்.

சிலருக்கு மட்டும் கற்றல் மெதுவாக இருக்கிறதே, ஏன்?

பெரும்பாலும் வெள்ளெழுத்துதான் காரணம். நாற்பது வயதைத் தாண்டியவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மங்கும். ஊரில் வலை பின்னவும் கடற்பாசி கட்டவும் அது தடையாக இருந்திருக்காது. 1 மில்லிமீட்டர் சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்) புள்ளியைப் பார்க்கும்போதுதான் தெரியவரும். பலகையைக் கை நீட்டித் தள்ளிப் பிடிப்பது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே இருப்பது, அடுத்தவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்வது எல்லாம் அதன் அறிகுறிகள். 'இவருக்குப் புரியவில்லை' என்று எழுதி அனுப்பப்பட்ட பெண்களில் பலருக்குத் தேவைப்பட்டது ஒரு கண்ணாடிதான் என்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது. +1.5, +2.0, +2.5 அளவுகளில் தயார்க் கண்ணாடிகளை முதல் நாளே மேசையில் வையுங்கள். தெளிவாகத் தெரிவதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். எதைப் போட்டும் தெரியவில்லை என்றால் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். அது கண்புரையாக இருக்கலாம்.

சால்டரிங் கற்பதில் எங்கே தவறுவார்கள்?

சால்டரை அயர்ன் என்னும் சூட்டுக்கோலின் நுனியில் உருக்கி, அந்தத் துளியைக் கொண்டுபோய் இணைப்பில் வைப்பார்கள். அது ஒட்டியதுபோல் தெரியும், உள்ளே பிடித்திருக்காது. இதுதான் டிரை சால்டர். வெளுத்துப் போய், உருண்டையாக நிற்கும். விளக்கு பட்டறையில் எரியும், வீட்டுக்குப் போனதும் அணையும், தட்டினால் மறுபடி எரியும். சரியான முறை: அயர்ன் நுனியால் பாகத்தின் காலையும் செம்புப் பரப்பையும் சேர்த்து 2–3 நொடி சூடாக்கி, சால்டரால் எதிர்ப்பக்கத்தில் தொட வேண்டும். தானாக ஓடிப் படர்ந்து, சிறு கூம்பாகப் பளபளத்தால் சரி. சால்டரை முதலில் எடுங்கள், அயர்னைப் பிறகு எடுங்கள். குளிரும்வரை அசைக்கக் கூடாது. 25 முதல் 40 வாட் அயர்ன் போதும். நுனியைத் துடைக்க நனைந்த ஸ்பாஞ்ச் இருக்கட்டும்.

வழக்கமான 60/40 சால்டரில் நாற்பது பங்கு ஈய உலோகம். அது நச்சு. கருவுற்றவரும் தாய்ப்பால் கொடுப்பவரும் இருந்தால், அவர்களுக்கு ஈயம் கலக்காத சால்டர் தாருங்கள். அது வகையைப் பொறுத்து 217 முதல் 227 டிகிரி செல்சியஸில்தான் உருகும், கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும், இணைப்பு சற்று மங்கலாகவே தெரியும். அதை டிரை சால்டர் என்று நினைத்துவிடக் கூடாது. எந்தச் சால்டரானாலும் புகை முகத்தில் படாமல் ஒரு சின்ன விசிறியைப் பக்கவாட்டில் ஓட விடுங்கள். பட்டறை மேசையில் உணவு கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய அமைப்பு வேண்டும்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 3 வாட் எல்இடி விளக்கு மூன்று, தினம் 5 மணி நேரம்: 45 வாட்-மணி (வாட்டை மணி நேரத்தால் பெருக்கியது). கைபேசி சார்ஜ் 15 வாட்-மணி. ஆக 60. வயர், பேட்டரி, தூசி என இழப்பு 30 சதவீதம் என்று எடுத்தால் 60-ஐ 0.7-ஆல் வகுக்க, சுமார் 86 வாட்-மணி பேனலிலிருந்து வர வேண்டும். சான்சிபாரில் மார்ச் முதல் மே வரை மசிகா என்னும் பெருமழை. அந்த நாட்களை மனதில் வைத்து, முழு வெயில் 4 மணி நேரம் என்றே கணக்கிடுங்கள். 86-ஐ 4-ஆல் வகுத்தால் 22 வாட். ஆனால் 22 வாட் பேனல் வாங்கிவிடாதீர்கள். 40 வாட் போடுங்கள். தென்னை நிழலும் பறவை எச்சமும் தொடர் மழையும் அந்தக் கூடுதலைத் தின்றுவிடும்.

பேட்டரி இரண்டு நாள் வெயில் இல்லாமல் தாங்க வேண்டும் என்றால் 120 வாட்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. எனவே 240 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டில் 20 ஆம்பியர்-மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 80 சதவீதம்வரை எடுக்கலாம், 12 ஆம்பியர்-மணியே போதும். விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் அந்த வகைக்கான அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் 10 மீட்டர் தூரம் என்றால் போக வர 20 மீட்டர் செம்பு. 2.2 ஆம்பியர் ஓடும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.3 வோல்ட் இழப்பு. 1 சதுர மில்லிமீட்டரில் 0.77 வோல்ட். பன்னிரண்டு வோல்ட்டில் முக்கால் வோல்ட் போவது பெரிய நஷ்டம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது?

சான்சிபார் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 6 டிகிரியில் இருக்கிறது. பேனல் வடக்கு நோக்கி 10–15 டிகிரி சாய்ந்திருக்கட்டும். இந்தியாவில் பழகியவர்கள் கைப்பழக்கத்தில் தெற்கே திருப்பிவிடுவார்கள். சாய்வு மழை நீர் வழிந்து தூசியைக் கழுவவும் உதவும்.

கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, அடுத்து பேனல், கடைசியில் விளக்கு. கழற்றும்போது தலைகீழ் வரிசை. பேட்டரி 12 வோல்ட்டா 24-ஆ என்பதைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் தன்னை அமைத்துக்கொள்ளும். பேனலை முதலில் மாட்டினால் 21 வோல்ட்டுக்கு மேல் உள்ளே வந்து சிலவகைக் கன்ட்ரோலர் கெட்டுவிடும். பேட்டரி பிளஸ் முனையை ஒட்டி 10 ஆம்பியர் பியூஸ் கட்டாயம்.

நிற விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பயிற்சியில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ் என்று மனதில் பதித்திருப்போம். சந்தையில் கிடைப்பது பழுப்பும் நீலமுமாக இருக்கும், அல்லது இரண்டும் கறுப்பாக இருக்கும். பிளஸ் வயரின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது என்று பழக்குங்கள். கடலோர வீடுகளில் உப்புக்காற்று முனைகளைப் பச்சையாக அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகு போட்டு, பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள்.

அடிக்கடி வரும் பழுது எது? எந்த வரிசையில் பார்ப்பது?

விளக்கு, ஸ்விட்ச், பியூஸ், பேட்டரி, பேனல் என்ற வரிசையில் போங்கள். ஓய்வில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 பாதி. 11.8 என்றால் காலி. நடுப்பகலில் கழற்றிய பேனல் 21 வோல்ட் அளவுக்குக் காட்ட வேண்டும்.

இயந்திரக் கோளாறைவிட மனிதர் செய்யும் கோளாறுதான் அதிகம். கன்ட்ரோலர் பேட்டரியைக் காப்பாற்ற விளக்கை நிறுத்தும். வீட்டில் யாராவது ரேடியோவையோ டிவியையோ நேராகப் பேட்டரி முனையில் மாட்டிவிடுவார்கள். சில வாரத்தில் தகடுகளில் கந்தக உப்புப் படிந்து, பேட்டரி எழுந்திருக்காது. பியூஸ் போனால் செம்புக் கம்பியை முறுக்கி வைப்பார்கள், அது தீ விபத்துக்கு வழி. தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் கிணற்று நீரை விடுவார்கள். பவளப்பாறைத் தீவின் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதி, தகடு பாழாகிவிடும். வாலை வடிநீர் மட்டுமே விட வேண்டும். இதையெல்லாம் பழுது பார்க்கும் பெண் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது, விளக்கு மாட்டும் நாளிலேயே வீட்டார் எல்லோருக்கும் அவர் வாயால் சொல்ல வேண்டும்.

அவருக்குச் சம்பளம் யார் தருவது?

ஊரே தர வேண்டும். மண்ணெண்ணெய்க்கும் டார்ச் பேட்டரிக்கும் மாதம் என்ன செலவழித்தார்களோ, அதற்கு மேற்படாத ஒரு தொகையை வீட்டுக்கு வீடு வசூலிப்பதே நிலைக்கும் வழி. அதை இரண்டாகப் பிரியுங்கள்: ஒன்று சம்பளம், மற்றது பேட்டரி நிதி. பேட்டரி விலை 90,000 ஷில்லிங், ஆயுள் 36 மாதம் என்று வைத்துக்கொண்டால், மாதம் 2,500 ஷில்லிங் அதற்கே போக வேண்டும். முதல் இரண்டு வருடம் எதுவும் கெடாது. 'ஏன் கட்ட வேண்டும்' என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பும். வசூல் நிற்கும், மூன்றாம் வருடம் எல்லா வீட்டுப் பேட்டரியும் ஒன்றாகச் சாகும். நிதிக் கணக்கை மாதந்தோறும் ஊர்க் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தால் இது பெருமளவு குறையும்.

கணவரும் மாமியாரும் அனுப்ப மறுத்தால்?

பெண்ணிடம் மட்டும் பேசித் திரும்பாதீர்கள். எத்தனை மாதம், எங்கே தங்குவார், யாரோடு தங்குவார், தொழுகைக்கும் ரமலானுக்கும் என்ன ஏற்பாடு, நடுவில் எப்போது வீட்டுக்கு வருவார் என்பதைக் குடும்பத்தார் முன்னால் சொல்லுங்கள். கணவரை ஒரு நாள் மையத்துக்கு அழைத்துச் சென்று பட்டறையையும் தங்குமிடத்தையும் காட்டுவது நூறு வார்த்தைக்குச் சமம். கடற்பாசி வருமானத்தை விட்டு வரும் பெண்ணுக்கு அந்த மாதங்களுக்கான உதவித்தொகை தராவிட்டால், பாதியில் திரும்புவார். அது அவர் பிழையாகாது. சுவாஹிலியில் கைவினைஞரை 'ஃபுண்டி' என்பார்கள், ஆண் பெண் இருவருக்கும் அதே சொல்தான். ஊரார் ஒரு பெண்மணியை முதல் முறையாக 'ஃபுண்டி' என்று கூப்பிடும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

சிறுமிகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

பட்டறையைப் பள்ளிக்கூடத்துக்கு அருகில் வையுங்கள். பெண் ஃபுண்டி வாரம் ஒரு நாள் பள்ளி மன்றத்தில் சொல்லித் தரட்டும். பேத்தி வயதுப் பிள்ளைகளுக்கு முதல் மின்னியல் ஆசிரியர் ஊர்ப் பாட்டி என்றால், 'இது ஆம்பளை வேலை' என்ற பேச்சுக்கு அந்தப் பள்ளியில் இடம் இருக்காது.

இருபது பேர், நான்கு பேருக்கு ஒரு தொகுப்பு, 90 நிமிடம். தொகுப்பில்: ஒரு மல்டிமீட்டர், பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை), 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி பத்து, 470 ஓம் ரெசிஸ்டர் பத்து, ஸ்விட்ச், வயர். முதல் வகுப்புக் கணக்கு: 9-இல் எல்இடியின் 2 வோல்ட் போக 7. அதை 470-ஆல் வகுத்தால் 15 மில்லி ஆம்பியர். எல்இடிக்கு அது பாதுகாப்பான அளவு. பிறகு, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு குழுவும் ஒரு எல்இடியை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டி வேண்டுமென்றே எரிக்கட்டும். தப்பாகிவிடுமோ என்ற பயம் அன்றே விலகும். ரெசிஸ்டர் எதற்கு என்பதும் மறக்காது.

ஆண் பெண் கலந்த குழுவில் மல்டிமீட்டர் பையன்கள் கையிலும் நோட்டுப்புத்தகம் பெண்கள் கையிலும் போய் நிற்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். கலந்த குழுவானால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவி கைமாற வேண்டும். நேரம் குறிப்பதிலும் கவனம் வேண்டும். பல பள்ளிகள் இரண்டு ஷிப்ட், அதோடு குர்ஆன் வகுப்பு, தண்ணீர் சுமக்கும் வேலை. தலைமையாசிரியருக்கு வசதியான நேரத்தை விட்டு, சிறுமிகளைக் கேட்டு நேரம் வையுங்கள். இருட்டுமுன் வீடு சேர வேண்டும்.

பாடத்தை எந்த மொழியில் நடத்துவது?

டான்சானியாவில் அரசுத் தொடக்கப்பள்ளி பெரும்பாலும் சுவாஹிலியில் நடக்கிறது, இடைநிலைக் கல்வி ஆங்கிலத்துக்கு மாறுகிறது. அந்தத் தாவலில் விழுபவர்கள் ஏராளம். மன்றத்தில் முதலில் சுவாஹிலியில் விளக்குங்கள்: மின்சாரம் 'உமேமே', விளக்கு 'தா', பிளஸ் 'சான்யா', மைனஸ் 'ஹாசி'. பொருள் பிடிபட்ட பிறகு ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் எழுதுங்கள், தேர்வுக்கு அது வேண்டும். தமிழ்வழியில் படித்துப் பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்தவர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும்.

பெண்கள் பாதியில் நிற்பதற்கு மன்றம் என்ன செய்ய முடியும்?

தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர், மூடியுள்ள குப்பைக் கூடை இந்த மூன்றும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மல்டிமீட்டர் வாங்கும் பணத்தில் இதைச் செய்யுங்கள். கென்யா 2017-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு இலவச நாப்கின் தரச் சட்டம் இயற்றியது. டான்சானியா 2018-இல் நாப்கின் மீதான மதிப்புக்கூட்டு வரியை நீக்கி, அடுத்த ஆண்டே திரும்பக் கொண்டுவந்தது.

கருவுற்ற மாணவியைப் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்ற தடையை டான்சானியா 2021 நவம்பரில் விலக்கியது. சியரா லியோன் 2020-இல் விலக்கியது. குழந்தை பெற்ற பெண் திரும்பி வரலாம் என்பது பல பெற்றோருக்கு இன்னும் தெரியாது. ஃபுண்டி வீடு வீடாகப் போகிறவர், இந்தச் செய்தியைக் கொண்டுசேர்க்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

மேலே படிக்க விரும்பும் பெண்ணுக்கு எங்கே வழி?

சான்சிபாரிலேயே ஒன்று இருக்கிறது. 2023-இல் ஐஐடி மெட்ராஸ் தன் முதல் வெளிநாட்டு வளாகத்தை அங்கே தொடங்கியது. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் அங்கே முதல் பாடங்கள். அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற பேராசிரியர் ப்ரீத்தி அகலாயம், ஐஐடி ஒன்றின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். கென்யாவில் 2010-இல் தொடங்கிய அகிராசிக்ஸ், பள்ளி முடித்த ஏழைப் பெண்களுக்குத் தங்குமிடத்தோடு ஒரு வருடக் கணினி நிரல் பயிற்சி தருகிறது. ஆப்பிரிக்கப் பெண் கல்விக்காக உழைக்கும், நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபாவே அமைப்பை 1992-இல் ஐந்து பெண் கல்வி அமைச்சர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். பெரிய கனவு காணத் தயங்கும் பிள்ளைக்குக் கென்யாவின் சூழலியலாளர் வங்காரி மாத்தாயின் பெயரைச் சொல்லுங்கள். 1971-இல் நைரோபியில் முனைவர் பட்டம் பெற்றபோது, கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். பாடம் கால்நடை உடற்கூறியல்.

தமிழ்நாட்டிலிருந்து பொருள் அனுப்பி உதவலாமா?

பழைய லேப்டாப் வேண்டாம். பேட்டரி செத்த லேப்டாப் 40 முதல் 60 வாட் இழுக்கும், சூரிய மின் பட்டறையில் அதை ஓட்ட முடியாது. மல்டிமீட்டர், அதற்கான உபரி பியூஸ், சால்டர் உறிஞ்சி, அயர்ன் நுனிகள், வயர் உரிக்கும் கருவி, வெள்ளெழுத்துக் கண்ணாடி இவையெல்லாம் நல்லவை. மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துப் பேட்டரியைத் தொட்டு பியூஸை எரிப்பது எல்லோரும் செய்யும் தவறு. ஒரு மீட்டருக்கு நான்கு உபரி பியூஸ் வையுங்கள். இங்கே வாங்கிய அயர்னின் உருண்டை முள் பிளக் அங்கே பெரும்பாலும் நுழையாது. சதுர முள் கொண்ட பிரிட்டிஷ் வகைப் பிளக்கை மாற்றிக் கொண்டுபோங்கள், மின்னழுத்தம் இரண்டு இடத்திலும் 230 வோல்ட்தான். லித்தியம் பேட்டரியை விமானத்தில் கொண்டுபோக நினைத்தால், தனியாக வரும் பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணிக்கு மேல் 160 வாட்-மணி வரை உள்ளதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மேலே சொன்ன 12 ஆம்பியர்-மணி பேட்டரி 150 வாட்-மணியைத் தொடும். அதை அங்கேயே, டார் எஸ் சலாமிலோ சான்சிபார் நகரத்திலோ, ஃபுண்டியையும் கூட அழைத்துப்போய் வாங்குங்கள். அடுத்த பேட்டரி வாங்கும்போது கடைக்காரர் அவருக்குத் தெரிந்தவராக இருப்பார்.